தைனமோவை அடக்கும் சிறு பெட்டி

1990இல் போர் மீண்டும் மூண்ட பின்னர், பொருளாதாரத் தடையின் நடுவே யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய கதையைப் பலரும் எழுதிவிட்டனர். எரிபொருளுக்கு மாற்றுக் கண்டார்கள், சரி. பற்றரிக்கு என்ன செய்தார்கள்? புதிய பற்றரியும் உதிரிப்பாகமும் கிடைப்பது அரிதான காலம் அது. இருந்த பற்றரியைச் சாகவிடாமல் காத்ததில் என்ஜின் அறைக்குள் இருந்த ஒரு சிறு பெட்டிக்கும், அதைத் திறந்து சீர்செய்யத் தெரிந்த கைகளுக்கும் பெரும் பங்குண்டு. அந்தக் கைகளின் அறிவை நாம் எங்கே பதிந்து வைத்திருக்கிறோம்?

அக்கார்களில் மின்சாரம் தந்தது தைனமோ. என்ஜினோடு வார்ப்பட்டியால் இணைந்து சுழலும் நேரோட்ட மின்பிறப்பாக்கி அது. இரும்பில் எஞ்சியிருக்கும் சிறிதளவு காந்தத்தில் தொடங்கி, தான் பிறப்பிக்கும் மின்சாரத்தாலேயே தன் காந்தத்தை வலுப்படுத்திக் கொள்ளும். வேர்னர் சீமென்ஸ் 1867இல் பேர்லினில் அறிவித்த தத்துவம் இதுவே. சுழலும் கம்பிச்சுருளில் எழும் மின்சாரத்தைத் திசைமாற்றியும் காபன் பிறஷ்களும் ஒரே திசையில் வெளியே அனுப்புகின்றன.

இந்த இயந்திரத்துக்குத் தன்னைத்தானே அடக்கத் தெரியாது. என்ஜின் விரைந்தால் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பற்றரி கொதிக்கும், விளக்குகள் எரிந்துபோகும். என்ஜின் தளர்ந்தாலோ மின்னோட்டம் திரும்பிப் பாயும். பற்றரி வெறுமையாகும், கம்பிகள் கருகும்.

இரண்டையும் தடுப்பது அந்தப் பெட்டி. அதனுள் இரு காந்தச் சுருள்கள். ஒன்று மின்னழுத்தச் சீராக்கி. அழுத்தம் மிகும்போது அதன் தொடுமுனை விலகி, தைனமோவின் புலச்சுருளோடு ஒரு தடையைச் சேர்க்கும். குறைந்ததும் மீண்டும் ஒட்டும். இந்த அதிர்வு நொடிக்குப் பலமுறை நிகழும். மற்றையது, கராச்சுகளில் 'கட் அவுட்' என்று சொல்லப்படுவது. 12 வோல்ற் கார்களில் தைனமோ ஏறத்தாழ 13 வோல்ற்றை எட்டியதும் அது பற்றரியை இணைக்கும். ஓட்டம் திரும்பினால் துண்டிக்கும். பின்னர் வந்த பெட்டிகளில் மின்னோட்ட அளவைக் கட்டுப்படுத்த மூன்றாவது சுருளும் சேர்ந்தது.

'தைனமோவின் காலம் முடிந்துவிட்டதே, இந்தப் பழங்கதை எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். 1960களிலிருந்து கார்களில் அதன் இடத்தை ஒல்ரனேற்றர் பிடித்தது உண்மை. அது மேலான பொறிதான். ஆயினும் வேலை மாறவில்லை. கட் அவுட் செய்ததை அதில் டயோட்டுகள் செய்கின்றன. 2022இன் நீண்ட மின்வெட்டுகளில் பலரும் நாடிய சூரியப் படல்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கும் பற்றரிக்கும் இடையே நிற்கும் கட்டுப்பாட்டுக் கருவி பகலில் மிகையேற்றத்தைத் தடுக்கிறது. இரவில் மின்சாரம் திரும்பிப் பாயாமல் காக்கிறது. பழைய பெட்டியின் அதே இரண்டு கடமைகள்!

வேறுபாடு ஒன்றுண்டு. இன்றைய கருவி பிசினுக்குள் மூடப்பட்டிருக்கிறது. பழுதானால் எறிந்துவிட்டுப் புதிதை வாங்குகிறோம். பழைய பெட்டியிலோ மூடியைக் கழற்றினால் தொடுமுனை ஒட்டுவதையும் விலகுவதையும் கண்ணால் காணலாம். மாணவனுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் வேண்டுமா?

இலங்கையில் உயர்தர வகுப்புகளில் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கப்பட்டது. தமிழ்ப் பாடசாலைகள் தம் ஊரின் மூத்த கராச்காரர் ஒருவரை ஒரு தைனமோவோடும் அதன் பெட்டியோடும் ஒரு நாளேனும் வகுப்பறைக்கு அழைக்கட்டும். அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே மாணவர் எழுதி வைக்கட்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஆனால் தள்ளிப்போடவும் முடியாது, அக்கைகளுக்கு வயதாகிவிட்டது.