கண்ணுக்கு எட்டும் தூரம்

போன ஞாயிற்றுக்கிழமை பேரனோடு எனக்குச் சண்டை. விடுமுறைக்குப் பரமக்குடி வந்தவன், தெர்மாகோலில் செய்த ரிமோட் விமானத்தை வைகை மணலில் நன்றாகத்தான் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று, "தாத்தா, இதுல ஜிபிஎஸ்ஸும் கேமராவும் மாட்டிட்டா ராமநாதபுரம் வரைக்கும் அனுப்பலாம்" என்றான். கூடாது என்றேன். "நீங்க எல்லாத்துக்கும் பயப்படுவீங்க" என்று சொல்லிவிட்டு, ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டான். அவனிடம் சரியாகச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவன். சிக்னல் எந்த நிமிடமும் போகலாம் என்பது அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். ராமநாதபுரத்துக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். வழியில் பேட்டரி தீர்ந்தால் வயலில்தான் விழும் என்று என்ன நிச்சயம்? சத்திரக்குடி சாலையில் பைக்கில் பிள்ளையை வைத்துக்கொண்டு போகிறவர் மேல் விழுந்தால்? 2021-ல் வந்த ட்ரோன் விதிகளும், பொழுதுபோக்குக்கான மாதிரி விமானம் இயக்குபவரின் பார்வைக்குள்ளேயே பறக்க வேண்டும் என்கின்றன. ராமநாதபுரத்தைத் தாண்டினால் உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் வேறு. ஆகவே நான் மறுத்தது சரிதான்.

மறுத்ததோடு நிறுத்திக்கொண்டதுதான் தப்பு.

அமெரிக்காவில் மேனார்ட் ஹில் என்று ஒருவர். 77 வயது. கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டது, காதும் சரியாகக் கேட்காது. அவரும் நண்பர்களும் பால்சா மரத்தில் கட்டிய ஒரு மாதிரி விமானம் 2003 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிளம்பி, அட்லாண்டிக் கடலைக் கடந்து அயர்லாந்தில் இறங்கியது. சுமார் 3,000 கிலோமீட்டர்; 38 மணி 52 நிமிடம். எடை 5 கிலோவுக்குள். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எரிபொருளே. கிளப்பிவிட்டவர் ஹில். நடுக்கடலில் ஜிபிஎஸ் பார்த்துத் தானாகப் பறந்தது. அயர்லாந்துக் கரையில் காத்திருந்த நண்பர் ரிமோட்டை எடுத்து இறக்கினார். அதற்கு முன் அனுப்பியவை கரை சேரவில்லை.

பேரன் கேட்டால் இந்தத் தூரத்தைத்தான் பிடித்துக்கொள்வான். எனக்குப் பெரிதாகப் பட்டது விமானத்தின் பெயர்: 'ஸ்பிரிட் ஆஃப் பட்ஸ் ஃபார்ம்'. அவர்கள் பறக்கவிட்டுச் சோதித்துப் பார்த்த பண்ணையின் பெயர் அது. கடலைத் தாண்டியதற்கு அவர்கள் நன்றி சொன்னது ஒரு வெட்டவெளிக்கு!

எரிபொருள் எவ்வளவு குடிக்கிறது, எடை கூடினால் என்ன ஆகிறது என்பதையெல்லாம் திரும்பத் திரும்பப் பறக்கவிட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். அதற்கு ஊர் தாண்ட வேண்டியதில்லை. கண்ணெதிரே வட்டமடித்தாலே போதும். நெடுந்தூரம் என்பது முதலில் நோட்டில் கணக்காக வர வேண்டும். வானத்தில் வருவது அதற்குப் பிறகுதான்.

நம்மால் ஆகாததும் இல்லை. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்ஷா அணி, நடிகர் அஜித்குமாரை ஆலோசகராக வைத்துக்கொண்டு, 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாவதாக வந்தது. நம் ராமேசுவரத்துக் கலாம் விமானப் பொறியியல் படித்ததும் அதே எம்.ஐ.டி.யில்தான். குரோம்பேட்டை போய்ச் சேரும் வயது வரைக்கும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எங்கே பறக்கவிடுவார்கள் என்பதுதான் என் கேள்வி.

இங்கே ஒரு பள்ளி மைதானத்தை ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கேட்டுப் பார்த்தேன். "கண்ணாடி உடைஞ்சா யார் சார் பொறுப்பு?" என்று அனுப்பிவிட்டார்கள். ஆற்று மணலிலோ விமானம் சீமைக்கருவேலத்துக்குள் விழுந்தால் முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு எடுக்க வேண்டியிருக்கிறது. இடமும் தராமல் விதியை மட்டும் சொன்னால், பிள்ளைகள் திருட்டுத்தனமாகத்தான் பறக்கவிடுவார்கள்.

திங்கட்கிழமை காலையில் பேரனிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். எடை, பேட்டரி, காற்று, பறந்த நிமிடம் எல்லாவற்றையும் எழுது, அடுத்த விடுமுறைக்குள் நல்ல இடம் பிடித்துத் தருகிறேன் என்றேன். பேசவில்லை, ஆனால் வாங்கிக்கொண்டான்.

பரமக்குடி பக்கம் சாலைக்கும் மின்கம்பிக்கும் தள்ளி, தரிசாக நாலைந்து ஏக்கர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். சுத்தம் செய்வது எங்கள் பொறுப்பு.