என் வயலைக் கேளுங்கள், செத்தவர் போனைக் கேட்காதீர்கள்

நான் விவசாயி இல்லையாம். கம்ப்யூட்டரில் என் பெயர் வரவில்லையாம்.

கம்பம் பள்ளத்தாக்கு வீரபாண்டியில், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் மண்ணில், மாமனார் காலத்திலிருந்து எங்கள் குடும்பம் உழுகிற நிலம் அது. கன்று நட்டு, களை வெட்டி, உரம் வைத்து, பக்கக் கன்று அறுத்து, தார் தள்ளிய மரத்துக்கெல்லாம் கம்பு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த வாழையைக் கோடைச் சூறைக்காற்று ஒரே சாயங்காலத்தில் மடக்கிப் போட்டுவிட்டது. இன்னும் ஒரு மாதம் நின்றிருந்தால் வெட்டு. பிஞ்சுத் தாரை எந்த வியாபாரி எடுப்பான்? மறுநாள் காலையில் அரசு அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். "பதிவு இருக்காம்மா?" என்று கேட்டார்கள். எத்தனை மரம் விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பதிவு இருந்தது. என் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பட்டா அவரும் அவர் உடன்பிறந்தவர்களும் சேர்ந்த கூட்டுப் பட்டா. பிரதமரின் கிசான் பணம், உழவன் செயலி, பயிர்க் காப்பீடு என்று எதைத் திறந்தாலும் அவர் செல்போன் நம்பருக்குத்தான் ஓடிபி போகிறது. சோறு பொங்கவே யோசித்த நாட்களில் செத்தவர் சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய எனக்குத் தோன்றுமா? மூன்று மாதம் பயன்படுத்தாத நம்பரைக் கம்பெனிக்காரர்கள் துண்டித்து, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாமாம். கொடுத்துவிட்டார்கள். இ-சேவை மையத்துப் பையன், "அத்தை, ஓடிபி வந்துச்சா பாருங்க" என்கிறான். அது யாருடைய போனிலோ போய் விழுகிறது. கூப்பிட்டுப் பார்த்தோம். யாரோ ஒரு பிள்ளை எடுத்தான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? "என் நம்பர்க்கா இது, கடையில வாங்குனேன்" என்றான். நான் விவசாயி என்பதற்கான சாட்சி இன்றைக்கு முகம் தெரியாத ஒரு பையனின் சட்டைப் பையில் இருக்கிறது.

2025 பிப்ரவரியில் ஊர் ஊராக முகாம் போட்டு விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுத்தார்கள். ஆதார் மாதிரி ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு நம்பர், இனி அரசுத் திட்டங்களுக்கெல்லாம் அதுதான் என்றார்கள். முதலில் மார்ச் கடைசி வரை கெடு வைத்து, பிறகு நீட்டினார்கள். நானும் போனேன். கூட்டுப் பட்டாவில் உயிரோடிருப்பவர்கள் தங்கள் பங்கைப் பதிந்துகொண்டார்கள். செத்தவர் பங்கை யார் பதிவது? "பட்டாவை உங்க பேருக்கு மாத்திட்டு வாங்கம்மா" என்றார்கள். பட்டா மாற்ற வாரிசுச் சான்று வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இணையத்தில் மனுப் போட வேண்டும். மனுப் போட்டால் ரேஷன் கார்டில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து. இனிஷியல் ஒன்றில் முன்னால் இருக்கிறது, இன்னொன்றில் பின்னால் இருக்கிறது. நம் ஊரில் அப்பன் பெயரின் முதலெழுத்துத்தான் நமக்கு இனிஷியல், கல்யாணமான பெண்ணுக்கு அதுவும் மாறிப் போகும். அதை அந்த இணையப் பக்கம் எப்படிப் புரிந்துகொள்ளும்? பெயர் ஒத்துப் போகவில்லை என்று திருப்பி அனுப்புகிறது. ஆதாரில் திருத்து என்கிறார்கள். திருத்தப் போனால் கைரேகை பதிய மாட்டேன் என்கிறது. வாழைச் சாற்றிலும் மண்வெட்டிப் பிடியிலும் தேய்ந்த விரல் இது. இதில் ரேகை எங்கே இருக்கும்?

கணவன் சொத்தில் மனைவி முதல் வரிசை வாரிசு என்று 1956-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டம் எழுதிவிட்டது. கைரேகை ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக உரிமையுள்ள ஒருவருக்கு அரசின் பலன் போய்ச் சேராமல் இருக்கக் கூடாது என்று 2018-இல் ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சட்டம் என்னை ஏற்றுக்கொண்டது, நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் கையில் மட்டும் என்னை ஏற்றுக்கொள்ள ஒரு பொத்தான் கொடுக்கப்படவில்லை. அவரைத் திட்டி என்ன பயன்? "சிஸ்டம் எடுக்க மாட்டேங்குதும்மா" என்று அவரும்தான் தலையில் கை வைக்கிறார். அந்த சிஸ்டத்தை எழுதியவர்களை நான் எந்த அலுவலகத்தில் போய்ப் பார்ப்பது?

இத்தனை கதவும் திறந்து, எல்லாம் சரியாக இருந்திருந்தால் எனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வயிறு எரிகிறது. மகசூலில் 33 சதவீதமோ அதற்கு மேலோ போயிருந்தால்தான் பேரிடர் நிவாரணம். பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாயாக இருந்ததை 2023 மிக்ஜாம் புயலின்போது 17,000 ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் ஏக்கருக்குப் பார்த்தால் ஏழாயிரத்துக்கும் குறைவு. ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,210 வாழை நிற்கும். மரத்துக்கு ஆறு ரூபாய்கூட இல்லை. பல்லாண்டுப் பயிர்க் கணக்கில் 22,500 போட்டாலும் எட்டு ரூபாயைத் தொடாது. அந்த மரத்துக்கு முட்டுக் கொடுத்த கம்பின் விலைக்குக் காணுமா அது? விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்துகிற கூலிக்குக் காணுமா?

மரக்கணக்கில் கொடுக்கவே முடியாது என்று சொல்லிவிட முடியாது. 2018-இல் கஜா புயல் டெல்டாவின் தென்னையைச் சாய்த்தபோது மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று இதே தமிழ்நாட்டு அரசுதான் கணக்குப் போட்டுக் கொடுத்தது. அதுவும் போதவில்லை என்று அங்கே இருப்பவர்கள் அழுதார்கள், அது வேறு. இங்கிருந்து குமுளி மலையேறி அந்தப் பக்கம் இறங்கினால் கேரளத்தில் வாழைக்கு மரக்கணக்கில்தான் காப்பீடு, குலை தள்ளிய மரத்துக்கு ஒரு தொகை, தள்ளாத மரத்துக்கு ஒரு தொகை. மலைக்கு அந்தப் பக்கம் மரத்தை எண்ணத் தெரிகிறது. இந்தப் பக்கம் நிலத்தை மட்டும் அளக்கிறார்கள், அதையும் செத்தவர் பெயரில் அளக்கிறார்கள்.

நெல் போட்டவர்கள் கதி என்னைவிட மேல் என்று நினைக்க வேண்டாம். 2025 தீபாவளிக்கு முந்தின நாட்களில் மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டிய மழை முல்லைப் பெரியாற்றில் இறங்கி வந்தது. பென்னிகுவிக் அணை கட்டி 1895-இல் திருப்பி விட்ட தண்ணீர்தான் இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரை இருபோகமாக வைத்திருக்கிறது. அந்த ஆறே அன்றைக்குக் கரை மீறியது. கதிர் முற்றி அறுப்புக்கு நின்ற வயலில் தண்ணீர் நின்றது. வயல் மூழ்கினால் தனித்தனி வயலாகப் பார்த்து இழப்பீடு தருகிற ஏற்பாடு மத்தியப் பயிர்க் காப்பீட்டில் முன்பு நெல்லுக்கும் இருந்தது. 2018-இல் அதை எடுத்துவிட்டார்கள். 2025 நவம்பரில்தான் திரும்பச் சேர்ப்பதாக அறிவிப்பு வந்தது, அதுவும் 2026 காரிஃப் பருவத்திலிருந்துதான். இடையில் முங்கிப் போன வயல்களுக்கு யார் பதில் சொல்வது? திரும்பச் சேர்த்த பிறகும், நஷ்டத்தை 72 மணி நேரத்துக்குள் படம் எடுத்து செயலியில் ஏற்ற வேண்டுமாம். மழையில் கரண்டு போய், டவர் போய், முழங்கால் தண்ணீரில் மோட்டாரையும் மாட்டையும் காப்பாற்ற நிற்பவன் கையில் அந்த நேரத்தில் நெட் இருக்குமா?

ஏன் இத்தனை பூட்டு என்று கேட்டால், "முன்னால தப்பு நடந்துச்சும்மா" என்கிறார்கள். நடந்தது, எனக்கும் தெரியும். 2020-இல் பிரதமரின் கிசான் திட்டத்தில், விவசாயியே இல்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயரைப் புகுத்தி 110 கோடி ரூபாயைச் சுருட்டிய ஊழல் தமிழ்நாட்டில்தான் வெளிவந்தது. அதை எப்படிச் செய்தார்கள்? அதிகாரிகளின் லாகினும் பாஸ்வேர்டும் வெளி ஆட்களின் கைக்குப் போயிருந்தன. கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து ஏற்றினார்கள். ஊழியர்கள் வேலையை விட்டு நீக்கப்பட்டார்கள், புரோக்கர்கள் கைதானார்கள். சாவி அலுவலகத்திலிருந்து தொலைந்தது. தண்டனை யாருக்கு வந்தது? இ-கேஒய்சி, கைரேகை, முகப்பதிவு, வங்கியில் ஆதார் இணைப்பு என்று ஒவ்வொன்றாக எங்கள் தலையில் ஏறியது. களவு போனது வேறு எங்கோ. வரிசையில் நிற்பது நாங்கள்.

வயலில் என்ன பயிர் நிற்கிறது என்பதையாவது ஒழுங்காகப் பதிந்தார்களா? 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு என்று வேளாண் கல்லூரிப் பிள்ளைகளைக் கையில் போனோடு காட்டுக்குள் இறக்கிவிட்டார்கள். படிக்க வந்த பிள்ளைகள். சேறு, முள், பூச்சி, பாம்பு என்று அவர்கள் பட்ட பாட்டைக் கேட்டு எங்களுக்கே மனசு கஷ்டமாக இருந்தது. கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த வேலையைச் செய்ய மாட்டோம் என்று நின்றதால் வந்த வினை. கணக்கில் பயிர் ஏறாமல், அந்தப் பயிருக்குச் சான்றான அடங்கலை எடுக்க முடியாது. அடங்கல் இல்லாமல் நிவாரணம் இல்லை. தலையாரியும் கணக்குப்பிள்ளையும் வரப்பில் நடந்து எழுதிய நோட்டில் தப்பு இருந்தால் நேரே போய் "ஐயா, இது நெல்லு இல்ல, வாழை" என்று சொல்லித் திருத்தினோம். இப்போது யாரிடம் சொல்வது?

குத்தகைக்காரரை நினைத்தால் என் குறையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இந்தப் பக்கம் எத்தனை வயல் வாரத்துக்கும் குத்தகைக்கும் ஓடுகிறது என்று ஊருக்கே தெரியும். குத்தகைதாரரைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் வாய்ப்பேச்சில் நிலம் விடுகிறவர் பதிவுக்குக் கையெழுத்துப் போடுவாரா? போட்டால் நிலம் போய்விடுமோ என்று அவருக்குப் பயம், கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காதோ என்று இவருக்குப் பயம். கடன் வாங்கி நட்டவர் ஒருவர், நிவாரணம் வாங்குகிறவர் ஒருவர். மதுரையிலோ சென்னையிலோ இருக்கிற பட்டாதாரரின் கணக்குக்குப் பணம் போகும். ஒடிசாவில் 2018 டிசம்பரில் காலியா என்ற விவசாயி உதவித் திட்டத்தை அறிவித்தபோது குத்தகை விவசாயியையும் நிலமில்லாத விவசாயக் குடும்பத்தையும் சேர்த்தார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

எனக்கு இரக்கம் வேண்டாம். என் வயலுக்கு வாருங்கள் என்றுதான் கேட்கிறேன். எங்கள் வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் சனம் வருகிறது. அக்னிச்சட்டி எடுக்கிறவர்களுக்குத் தண்ணீர், மருத்துவ முகாம், தீயணைப்பு, போக்குவரத்து என்று எல்லாத் துறையும் இதே ஊரில் வந்து இராப்பகலாக நிற்கிறது. அதை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதே ஊரில் காற்றடித்த மறுநாள் வருவாய்த் துறை, தோட்டக்கலைத் துறை, வங்கி என்று மூவர் ஒரு மேஜை போட்டு உட்கார முடியாதா? விழுந்த மரத்தைக் கண்ணால் பார்த்து, பக்கத்து வயல்காரர் இருவர் கையெழுத்தோடு, இந்த நிலத்தில் பாடுபட்டவர் இவர்தான் என்று அன்றைக்கே எழுதிக்கொள்ள முடியாதா? பட்டா மாறுதலும் பெயர்த் திருத்தமும் பின்னால் நடக்கட்டும், பணத்தை அதுவரை தனியாக எடுத்து வைக்கட்டும். கெடு முடிந்தது என்று கைவிரிக்காமல் இருந்தால் போதும். கைரேகை விழாதவருக்கும், கணவனை இழந்தவருக்கும், குத்தகைக்காரருக்கும் கையால் பதிய ஒரு வழியை, அதற்குக் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்ள ஒரு அதிகாரியை, அவர் மறுத்தால் காரணத்தைத் தாளில் எழுதிக் கொடுக்கிற கட்டாயத்தை அரசு உத்தரவாகவே போட வேண்டும். இப்போது எனக்கு மறுத்தவர் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. திரையில் ஒரு சிவப்பு எழுத்து வந்தது, அவ்வளவுதான்.

கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க இதை வாசிக்கிற அக்கா தங்கச்சிகளே, அண்ணன் தம்பிகளே, உங்கள் வீட்டுக் கணக்கு யார் நம்பரில் இருக்கிறது, பட்டா யார் பெயரில் நிற்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மாமனார் பெயரில் நின்றால், ஊருக்குப் போன மகன் நம்பரில் கிடந்தால், அடுத்த காற்றுக்கு முன்னால் மாற்றுங்கள். அப்படியே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வாருங்கள். முதலில் வயலைப் பார்க்கட்டும், பதிவைப் பிறகு பார்க்கட்டும் என்று எழுதிய மனு என்னிடம் இருக்கிறது. அதில் உங்கள் கையெழுத்தும் வேண்டும். கைரேகை வைத்தாலும் போதும், அது விழுகிற வரைக்கும் நான் மை தடவித் தருகிறேன்.