மடி போதுமா?

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது நம் வழக்கம். சென்ற ஆடி மாதம் என் அக்காள் மகளுக்கு அந்த மடியைக் கொடுக்கும் பேறு எனக்குக் கிடைத்தது. குலதெய்வக் கோயிலுக்கு வாடகைக் காரில் புறப்பட்டோம். ஏழு பேருக்கான காரில் ஒன்பது பேர். ஓட்டுநருக்கு நேர் பின்னால் நான். என் மடியில் தூங்கியபடி ஒரு வயதுக் குழந்தை.

வழியில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். கார் நின்றுவிட்டது. ஆனால் குழந்தை என் கையை விட்டு நழுவி, முன்னிருக்கையின் முதுகில் நெற்றி மோதி, வீறிட்டு அழுதது. நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். "மாமன் மடியில் இருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, இது திருஷ்டி கழிந்தது" என்று அப்பத்தா திருநீறு பூசினார். காது குத்தும் நல்லபடியாக முடிந்தது. என் மனம் மட்டும் ஆறவில்லை. விழித்திருந்தவன், பலமுள்ளவன், பாசமுள்ளவன் நான். பிறகு ஏன் குழந்தை என் கையில் நிற்கவில்லை?

விடை நம் வகுப்பறையிலேயே இருந்தது. கார் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதாகக் கொள்வோம். அது நொடிக்கு 11 மீட்டர். பிரேக் பிடித்து நிற்க ஒன்றரை நொடி ஆகியிருந்தால், 9 கிலோ எடையுள்ள குழந்தையை நிறுத்திப் பிடிக்க ஏறத்தாழ 7 கிலோ சுமையைத் தாங்கும் விசை வேண்டும். அதற்கே என் கை தளர்ந்துவிட்டது. அதே கார் ஒரு புளியமரத்தில் மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றிருந்தால்? அதே 9 கிலோ குழந்தையைப் பிடிக்க 100 கிலோ சுமைக்கு ஈடான விசை வேண்டும். இரண்டு அரிசி மூட்டைகளைக் கண் இமைக்கும் நேரத்தில் ஏந்தக்கூடிய மாமன் எந்த ஊரில் இருக்கிறான்? 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடியிலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். பாசத்துக்கு எல்லை இல்லை; கைக்கு எல்லை உண்டு.

"அப்படியானால் என் பெல்ட்டுக்குள்ளேயே பிள்ளையையும் சேர்த்துக் கட்டிக்கொள்கிறேன்" என்று சிலர் சொல்லக்கூடும். அது இன்னும் ஆபத்து. மோதலின்போது பெரியவரின் முழுப் பாரமும் குழந்தையைப் பெல்ட்டோடு சேர்த்து நசுக்கும்.

இருக்கை பெல்ட்டின் வரலாறே இதை விளக்குகிறது. இன்று நாம் காணும் மும்முனைப் பெல்ட்டை 1959-இல் ஸ்வீடனின் வோல்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். பிற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள அந்நிறுவனம் அனுமதித்தது. எண்ணற்ற உயிர்களைக் காத்த கருவி அது. ஆனால் அது வளர்ந்தவரின் உடலுக்கு அளவெடுத்த சட்டை. பெரியவருக்குத் தோளில் படியும் பட்டை சிறுவனுக்குக் கழுத்தில் படிகிறது. இடுப்பெலும்பில் நிற்க வேண்டிய பட்டை வயிற்றில் ஏறி, மோதும்போது குடலையும் கல்லீரலையும் அழுத்துகிறது.

கைக்குழந்தையின் நிலை வேறு. அதற்குத் தலை பெரிது, கழுத்து மெல்லியது. விண்வெளி வீரர்கள் முதுகைச் சாய்த்துப் பயணம் செய்வதைக் கவனித்த ஸ்வீடன் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன், 1960-களில், குழந்தை பின்னோக்கி அமரும் இருக்கையை அமைத்தார். அதில் மோதலின் விசை கழுத்தில் குவியாமல் முதுகு முழுவதும் பரவுகிறது. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்காக 1978-இல் வோல்வோ ஓர் உயர்த்தும் மெத்தையைக் கொண்டுவந்தது. பிள்ளையைச் சிறிது உயர்த்தி உட்கார வைத்தால் பெல்ட் தோளிலும் இடுப்பிலும் சரியாகப் படியும், தத்துவம் அவ்வளவுதான். 1990-இல் அந்த மெத்தையைப் பின்னிருக்கைக்குள்ளேயே மடித்து வைத்தும் காட்டினார்கள். வழி கண்டுபிடிக்கப்பட்டு இத்தனை ஆண்டுகள் ஆகியும், நம் கார்களின் பின்னிருக்கை பிள்ளைகளை எண்ணிப் பார்க்கவில்லை. பஞ்சு மெத்தையும் பாட்டுப் பெட்டியும் வைக்கத் தெரிந்தவர்களுக்குப் பிள்ளையின் கழுத்து மட்டும் நினைவுக்கு வராதது ஏன்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தைக்கான பாதுகாப்பு அமைப்போ இன்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்காப் சோதனையில் குழந்தைப் பாதுகாப்புக்கென 49 மதிப்பெண்கள் தனியே உள்ளன. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி, பால்கர் அருகே பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல் சென்று விபத்தில் இறந்தபோது, நாடே பின்னிருக்கைப் பெல்ட்டைப் பற்றிப் பேசியது. ஆனால் பேச்செல்லாம் பெரியவர்களைப் பற்றியே இருந்தது.

"இதெல்லாம் பணக்காரர் பாடு, நம் வீட்டில் காரா இருக்கிறது?" என்று நண்பர்கள் கேட்கலாம். என் வீட்டிலும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். காது குத்துக்கும் கல்யாணத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும் நாம் ஏறுவது வாடகைக் காரில். சில ஆயிரம் கொடுத்துக் குழந்தை இருக்கை வாங்கி, ஆண்டில் மூன்று நாளுக்காக வீட்டில் வைத்திருக்க நம்மால் இயலாது. அபராதத்தால் மட்டும் இந்தக் குறை தீராது. டயர் வெடித்தால் மாற்றப் பெரும்பாலான கார்களில் ஸ்டெப்னி இருக்கிறது. அதுபோல, ஒவ்வொரு வாடகைக் காரிலும் இரண்டு உயர்த்தும் மெத்தைகளும், கேட்டால் பொருத்தித் தரக் கைக்குழந்தை இருக்கை ஒன்றும் இருக்க வேண்டும் என்று அரசு விதி செய்யட்டும். டயருக்கு மாற்று உண்டு. பிள்ளைக்கு மாற்று உண்டா?

அதுவரை நம்மால் ஆனதைச் செய்வோம். பிள்ளையை முன்னிருக்கையில் வைக்க வேண்டாம். பெரியவரைக் காக்க விரியும் காற்றுப்பை சிறு தலையைத் தாக்கும். காரின் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்ற வேண்டாம். இரண்டு பேர் பேருந்தில் வந்தால் கௌரவம் குறைந்துவிடாது. ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்த ஆண்டு அக்காள் மகளுக்கு முடியெடுக்கப் போகிறோம். கோயில் வாசலில் என் மடி அவளுக்கு எப்போதும் உண்டு. சாலையில் அவளுக்கு வேண்டியது என் மடியன்று, அவளுக்கென்று ஓர் இருக்கை.