அரைக்கிலோவுக்குக் குறைந்த நண்டு



போன மாதம் கொழும்பில் நாங்கள் நண்டு சாப்பிட்ட போட்டோவைப் போட்டதிலிருந்து ஊரில் பலரும் பலதும் கேட்டுவிட்டார்கள். சம்பளம் போதாது என்று ரோட்டில் நின்றவர்கள்தானே இவர்கள் என்று ஒருவர். நண்டு கூடுமா என்று இன்னொருவர். இன்பொக்ஸில் வந்து பில் எவ்வளவு என்று மட்டும் கேட்டவர்கள்தான் ஆகக் கூடுதல். எல்லோருக்கும் சேர்த்து ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறோம். சொல்ல வேண்டிய வேறு ஒரு விசயமும் இருக்கிறது.

நாங்கள் நான்கு பேர். கல்வியியற் கல்லூரியில் ஒரே பெட்ச். பேப்பர் மார்க்கிங் காசு கைக்கு வந்தால் ஒரு நாளாவது கொழும்பில் நல்ல கடலுணவு ரெஸ்டோரன்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கல்லூரிக் காலத்திலேயே பேசிவைத்தது. பத்து வருசம் கழித்துத்தான் நடந்தது. பில் 45,000 ரூபாவுக்குக் கிட்ட. அதில் சேர்விஸ் சார்ஜ் 10 வீதம், அதற்கு மேல் வற் 18 வீதம். நான்காகப் பிரித்துக் கட்டினோம். கடன் வாங்கவில்லை, வீட்டில் மறைக்கவுமில்லை. இஸ்ராஃப் என்று சொல்பவர்களோடு வாதாட மாட்டோம். அந்தக் கேள்வியை எங்களுக்குள்ளே நாங்களும் கேட்டுக்கொண்டோம்.

நண்டு கூடுமா என்பது ஷாபிஈ மத்ஹப் கிதாபுகளிலேயே கருத்து வேறுபாடு உள்ள மஸ்அலா. ஹனபி மத்ஹபில் மீனைத் தவிர மற்றவை கூடாது. தெரிந்த ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எங்களிடம் பத்வா கேட்காதீர்கள். எங்களில் ஒருவர் பேணுதலுக்காக நண்டைத் தொடவில்லை, மீனோடு நிறுத்திக்கொண்டார். மது பரிமாறாத இடமாகத் தேடித்தான் போனோம். போன பிறகும் சோஸில் வைன் சேர்க்கிறார்களா என்று கேட்டோம். கடலுணவுதானே, அறுப்புப் பிரச்சினை இல்லை என்று நம்மில் பலர் கேட்பதே இல்லை. சட்டியும் சோஸும் கடலிலிருந்து வருவதில்லை.

இனி விசயத்துக்கு வருவோம்.

மேசைக்கு வந்த வெயிட்டர் தம்பி ஒரு தட்டில் உயிர் நண்டைக் கொண்டுவந்து காட்டினார். கால்கள் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. எந்த ஊர் நண்டு என்று கேட்டோம். "புத்தளம் சேர்" என்றார். நான்கு பேரும் சிரித்துவிட்டோம். நாம் பஸ்ஸில் வந்த அதே பாதையில் அதுவும் வந்திருக்கிறது. கொஞ்சம் சின்னதாக இல்லையா, விலை குறைவாக என்று எங்களில் ஒருவர் கேட்டார். அரைக்கிலோவுக்குக் குறைந்தது எடுப்பதே இல்லை என்றார் அந்தத் தம்பி.

அது அந்த இடத்தின் புதுக் கதை இல்லை. 2011இல் டச்சு ஹொஸ்பிட்டல் கட்டடத்தில் தர்ஷன் முனிதாசவும் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் சேர்ந்து திறந்த மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப்பின் மெனுவிலும் ஆகச் சிறிய நண்டு அரைக்கிலோதான். இரண்டு கிலோவுக்கு மேற்பட்டதற்கு க்ராப்ஸில்லா என்று பெயர். அதற்கு முன்பெல்லாம் நம் களப்புகளின் பெரிய நண்டு நேரே சிங்கப்பூருக்குப் போய்விடும். அங்கே ரெஸ்டோரன்ட்களில் 'ஸ்ரீலங்கன் க்ராப்' என்று பெயர் போட்டே விற்கிறார்கள்.

சாப்பாடு நன்றாக இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். மிளகு போட்டு ஒன்று, பூண்டும் மிளகாயும் போட்டு ஒன்று. ஆனாலும் உம்மா முருங்கை இலை போட்டு ஆக்கும் நண்டு ஆணத்துக்குப் பக்கத்தில் வராது. இதைச் சொல்லாவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது.

எங்களில் ஒருவரின் வாப்பா களப்பில் நண்டு பிடித்தவர். அங்கிருந்தபடியே அவருக்குப் போன் போட்டு விலையைச் சொன்னோம். "எத்தனை நண்டு?" என்று கேட்டார். ரெண்டு என்றோம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பெரிய கால் ரெண்டும் இருந்திச்சா?" என்று கேட்டார். ஒரு பெரிய கால் முறிந்திருந்தால் யாவாரி விலையைக் குறைத்துவிடுவான். ஓடு மாற்றிய தண்ணி நண்டு என்றால் தூக்கி ஒரு பக்கம் போட்டுவிடுவான். எவ்வளவு பெரிய நண்டானாலும் அது விற்கத்தான். வாழ்நாளெல்லாம் நண்டு பிடித்த அந்த மனிசரின் வீட்டுக்கு வந்தது காலில்லாததும், தண்ணி நண்டும், குஞ்சும்தான்.

அந்தக் குஞ்சு நண்டுதான் நாங்கள் சொல்லவந்த விசயம்.

கொழும்புக்காரன் எடுக்காத நண்டு எங்கே போகிறது? நம் வீடுகளுக்கு. காலையில் சைக்கிளில் கோர்வையாகக் கட்டிக் கொண்டுவருகிறார்களே, உள்ளங்கை அளவு, அது நம் சட்டிக்குத்தான். அதைவிட மோசம், முட்டை நண்டு. உள்ளே செம்மஞ்சளாக முட்டை நிறைந்த பெட்டை நண்டு என்றால் நமக்குத் தனிப் பிரியம். விருந்தாளி வந்தால் சொல்லிவைத்து எடுக்கிறோம். அந்தப் பெட்டை நண்டு களப்பிலிருந்து கடலுக்குப் போய்த்தான் இலட்சக்கணக்கில் குஞ்சு பொரிக்கும். அந்தக் குஞ்சுகளில் தப்பியவை திரும்பக் களப்புக்குள் வந்து கண்டல் வேர்களுக்கு நடுவில் வளரும். போகிற வழியிலேயே நாம் அதை ஆணமாக்கிவிட்டு, இப்போது களப்பில் நண்டு இல்லை, எல்லாம் கொழும்புக்குப் போகிறது என்று பள்ளி வாசலில் நின்று கதைக்கிறோம்.

முட்டையோடிருக்கும் சிங்கி இறாலைப் பிடிப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். பிடிக்கக் கூடாத மாதங்களும் உண்டு. நம்மில் எத்தனை பேர் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? விஞ்ஞானப் பாடத்தில் கண்டல் சூழற்றொகுதி என்று படம் கீறிக் காட்டி மார்க்ஸ் போடுகிற நாங்கள்தான், ஜன்னலுக்கு வெளியே தெரிகிற கண்டலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

கண்டலின் கதையும் நமக்குத் தெரியாததல்ல. 1980களிலும் 90களிலும் நம் மாவட்டத்தில் இறால் பண்ணைக்காகக் கண்டலை வெட்டித் தள்ளினார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பல பண்ணைகள் படுத்துவிட்டன. கைவிடப்பட்ட தொட்டிகளில் கண்டலும் இல்லை, இறாலும் இல்லை. அதிலிருந்து பாடம் படித்தோமா என்றால், இன்றைக்கும் காணி நிரப்புவதும் கோழிக் கழிவு கொட்டுவதும் களப்போரத்தில்தான். கொட்டுவது வெளியூர்க்காரர்கள் இல்லை.

நண்டு பிடிப்பவரைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வராது. எண்ணெய் செலவழித்து, இரவெல்லாம் தண்ணீரில் கிடந்து, விடியக் காலை கூட்டைத் தூக்கினால் நாலு குஞ்சு நண்டு என்றால் அவர் என்ன செய்வார்? வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அவரிடம் போய்த் திரும்பத் தண்ணீரில் விடு என்று சொல்வதற்கு எங்களுக்கு முகமில்லை. ஆனால் மாதச் சம்பளம் எடுக்கிற நாம், கடை வைத்திருக்கிற நாம், வெளிநாட்டுக் காசு வருகிற வீடுகள், நாம் வாங்காமல் விடலாம். வாங்க ஆளில்லாத நண்டைப் பிடிக்க எவரும் இரவு முழுக்கக் கண் விழிப்பதில்லை. பள்ளி நிர்வாகமும் மீனவர் சங்கமும் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு உட்கார்ந்து, எந்த அளவுக்குக் கீழே வாங்குவதில்லை என்று ஊருக்குள் ஒரு முடிவு எடுக்கலாம். கொழும்பில் ஒரு வெயிட்டர் தம்பியால் சொல்ல முடிந்ததை நம் ஊரால் சொல்ல முடியாதா?

இது லேசான காரியம் என்று நினைக்க வேண்டாம். ஊருக்கு வந்த முதல் சனிக்கிழமையே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் எங்களிடம் படிக்கிற பொடியன் ஒருவன் வாசலுக்கு வந்தான். கோர்வையில் ஆறு நண்டு. இரண்டு கொஞ்சம் பெரிது, இரண்டு குஞ்சு, இரண்டு முட்டை நண்டு. எங்களுக்காகவே எடுத்துவைத்ததாம். பெரியது இரண்டையும் எடுத்துக்கொண்டு, மற்றது வேண்டாம், இனிக் கொண்டுவராதே என்று காரணத்தையும் சொன்னோம். பாடம் கேட்கிற மாதிரி தலையாட்டிக் கேட்டான். பிறகு, "பரவாயில்ல சேர், பக்கத்து வீட்டு டீச்சர் எடுப்பாங்க" என்றான்.

எடுத்தார்கள். முட்டை நண்டுக்கு ஐம்பது ரூபா கூடவும் கொடுத்தார்கள்.