எல்லாமே 'நரம்புத் தளர்ச்சி'தானா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நம் ஊர்ப்பக்கம் ஒரு நோய் இருக்கிறது. கை நடுங்கினால் அதுதான். கால் மரத்துப்போனால் அதுதான். படியேறும்போது மூச்சு வாங்கினாலும், ராத்திரி தூக்கம் வராவிட்டாலும், பிள்ளை பரீட்சைக்குப் பயந்து வியர்த்தாலும் அதுதான். 'நரம்புத் தளர்ச்சி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். பிறகு ஒரு டானிக், ஒரு 'நரம்பு ஊசி', கொஞ்சம் எண்ணெய். அத்தோடு நிம்மதி.

இந்தச் சொல்லை நம் வீட்டுப் பேச்சிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் அது எந்த நோயையும் சுட்டிக்காட்டுவதில்லை. உள்ளே இருக்கும் நோயைப் போர்த்தி மூடிவிடுகிறது.

முதலில் நம் 'நரம்பு' எதுவென்று பார்ப்போம். ஊசி போட வரும் நர்ஸ், "நரம்பே கிடைக்கலையே பாட்டி" என்கிறார். அவர் தேடுவது ரத்தக் குழாய். கெண்டைக்காலில் நீலமாக நெளிந்து தெரிவதை "நரம்பு சுருண்டிருக்கு" என்கிறோம். அதுவும் ரத்தக் குழாய்தான். குதிகாலுக்கு மேலே கயிறுபோல் விறைத்து நிற்பதை "நரம்பு இழுத்துக்கிச்சு" என்கிறோம். அது தசையை எலும்போடு கட்டும் தசைநாண். உண்மையான நரம்பு இந்த இரண்டும் அல்ல. அது மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் கிளைத்து உடம்பெங்கும் ஓடும் வெண்மையான இழை.

இதில் நம்மை மட்டும் குறை சொல்ல முடியாது. பழந்தமிழில் யாழின் தந்திக்கும் நரம்பு என்றே பெயர். இலையில் ஓடும் கோட்டையும் நரம்பு என்றுதான் உங்களுக்குப் பாடம் நடத்தினேன். கிரேக்கர்களின் 'நியூரான்' என்ற சொல்லும் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்ததுதான். கயிறுபோல இருப்பதையெல்லாம் ஒரே பெயரால் அழைப்பது மனிதர்களின் பழக்கம்.

ஆனால் அந்தப் பெயரோடு ஒரு தவறான எண்ணமும் கூடவே வந்துவிட்டது. கயிறு என்றால் தளரும், முறுக்கினால் இறுகும். அதனால் நரம்பும் தளரும், டானிக் குடித்தால் முறுக்கேறும் என்று நினைத்துக்கொள்கிறோம். நரம்பு பலம் தரும் கயிறு அல்ல பிள்ளைகளே. அது செய்தி போகும் பாதை.

என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். முப்பது பேரை வேப்பமரத்தடியில் கைகோத்து வரிசையாக நிற்க வைப்பேன். முதல் பிள்ளையின் கையை நான் அழுத்துவேன். அவன் அடுத்தவளை அழுத்த வேண்டும், அவள் அடுத்தவனை. கடைசிப் பிள்ளைக்கு அழுத்தம் வந்ததும் மணியடிக்க வேண்டும். பிறகு நடுவில் ஒருவன் காதில் மட்டும், "நீ கடத்தாதே" என்று சொல்லிவிடுவேன். மணி அடிக்காது. "கடைசிப் பிள்ளைக்குக் கையில் பலம் இல்லையா?" என்று கேட்பேன். "இருக்கு டீச்சர், சேதி வரலை" என்று கத்துவீர்கள். நரம்பு மண்டலத்தின் சாரம் அவ்வளவுதான்.

நம் மூளையில் மட்டும் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. மூளையிலிருந்து 12 இணை கபால நரம்புகளும், தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் புறப்படுகின்றன. உள்ளே செய்தி மின்துடிப்பாக ஓடுகிறது. ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தாவும் இடங்களில் பெரும்பாலும் வேதிப்பொருள் அதை எடுத்துச் செல்கிறது. மின்கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல் வேகமான நரம்பிழைகளுக்கு மயலின் உறை உண்டு. அவற்றில் செய்தி வினாடிக்கு 100 மீட்டருக்கும் மேல் பாயும். உறையில்லாத மெல்லிய இழைகளில் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகரும். வாசற்படியில் கால்விரலை இடித்துக்கொண்டால், 'இடித்தது' என்று முதலில் தெரிந்து, அந்தக் கடுப்பு ஒரு நொடி தாமதமாக வருவது இதனால்தான்.

சூடான தோசைக்கல்லில் கை பட்டால் மூளைக்குச் செய்தி போய்ச் சேரும் முன்பே தண்டுவடம் கையை இழுத்துவிடும். அதுதான் அனிச்சைச் செயல். இதயத் துடிப்பு, குடலின் அசைவு, வியர்வை, இருட்டில் கண்பாவை விரிவது என நாம் நினைக்காமலே நடப்பவற்றைத் தானியங்கு நரம்புகள் கவனிக்கின்றன. பரிவு நரம்புகள் வேகப்படுத்தினால் எதிர்ப்பரிவு நரம்புகள் நிதானப்படுத்தும். பரீட்சைக்கு முன்பு பிள்ளைக்கு உள்ளங்கை வியர்ப்பது நரம்பு தளர்ந்ததால் அல்ல. நரம்பு தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான்.

இதை முதலில் காட்டியவர்களில் ஒருவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோம் நகரில் வாழ்ந்த காலென் என்ற மருத்துவர். கட்டிப்போட்ட பன்றி ஒன்று வீறிட்டுக் கத்திக்கொண்டிருக்கும்போது, குரல்வளைக்குப் போகும் நரம்புகளை அவர் துண்டித்தார். பன்றி திமிறிக்கொண்டே இருந்தது. சத்தம் மட்டும் நின்றுவிட்டது. கொடுமையான சோதனைதான். ஆனால் குரல்வளை அப்படியே இருந்தும், கட்டளை வராததால் குரல் இல்லாமல் போனதை ஊரே பார்த்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் எங்கள் அத்தான் காபி டம்ளரை நழுவவிட்டார். வலது கையில் பிடிப்பு இல்லை. பேச்சும் குழறியது. "ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்ததில் நரம்பு பிசகியிருக்கும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்தார்கள். சுளுக்கு எடுப்பவரைக் கூட்டி வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாலை விளக்கேற்றும் நேரம். அடைப்பு இருந்தது மூளையின் இடது பக்க ரத்தக் குழாயில். எண்ணெய் தேய்த்தது வலது கையில்!

உடம்பின் வலது பக்கத்தை இடது மூளையும், இடது பக்கத்தை வலது மூளையும் ஆள்கின்றன. மூளை நம் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. பெரிய ரத்தக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் மடிவதாக மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன்னால் ஸ்கேன் எடுத்து, அது அடைப்பா, ரத்தக் கசிவா என்று பார்க்க வேண்டும். அத்தானுக்கு அந்த நேரம் எண்ணெயில் போய்விட்டது. இன்று அவர் இடது கையால் சாப்பிடுகிறார். யார் மீதும் எனக்குக் கோபமில்லை. எல்லோரும் பாசத்தோடுதான் ஓடினார்கள். 'நரம்பு' என்ற அந்தச் சொல் அவர்களை வேறு திசையில் ஓட வைத்துவிட்டது.

அதனால் மனப்பாடமாக நான்கு வார்த்தைகள்: முகம், கை, பேச்சு, நேரம். சிரிக்கச் சொன்னால் முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே 108. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர், சோடா எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசைகளுக்குச் செய்தி போகாவிட்டால் அது நுரையீரலுக்குள் போய்விடும். மாத்திரையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது, கட்டளை போகாத கதை அல்ல, சேதி மேலே வராத கதை. சர்க்கரை நோய் பல ஆண்டுகள் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் மிக நீளமான நரம்பிழைகள் முதலில் பழுதாகின்றன. நீளமானவை பாதத்துக்குப் போகிறவை. அதனால்தான் எரிச்சலும் மதமதப்பும் பாதத்தில் தொடங்குகின்றன. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பத்தடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார் ஒரு பெரியவர். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கிற விஷயமில்லை அது. இன்று செருப்பு, நாளை முள், அடுத்த வாரம் சீழ் பிடித்த புண். நடுப்பகலில் கோயில் பிரகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு, கொப்புளம் வந்ததை ராத்திரிதான் பார்ப்பவர்களும் உண்டு. சர்க்கரை உள்ளவர்கள் சிலருக்கு மாரடைப்பே நெஞ்சு வலியில்லாமல் வருவதற்கும் நரம்பு பழுதாவது ஒரு காரணம்.

வலி எவ்வளவு பெரிய காவல்காரன் என்பதை உலகத்துக்குச் சொன்ன மருத்துவர் ஒருவர் நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர். பால் பிராண்ட் என்று பெயர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை சிகிச்சை செய்தார். விரல்கள் நோயால் தானாக 'அழுகி விழுகின்றன' என்றே அன்று எல்லோரும் நம்பினார்கள். அவர் கவனித்துப் பார்த்தார். கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறார்கள், வலிக்கவில்லை. தூங்கும்போது எலி விரலைக் கடிக்கிறது, தெரியவில்லை. நோய் நரம்பை அழித்தது, உணர்ச்சியில்லாததால் காயம் விரலைக் கொண்டுபோனது. அதனால் நோயாளிகளுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு வந்தது, எலிக்காகப் பூனையும் வந்தது! பிறகு அமெரிக்கா சென்ற அவர், அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பயன்படுத்தினார்.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். பேருந்து நிலையச் சுவர்களிலும், இப்போது கைப்பேசியிலும், 'நரம்புத் தளர்ச்சியா? இளைஞர்களே, கவலை வேண்டாம்' என்று விளம்பரம் வருகிறது. ஒரு டீச்சரம்மா இதையெல்லாம் எழுதலாமா என்று நினைக்காதீர்கள். உங்கள் பையன்களுக்காகத்தான் எழுதுகிறேன். வயதுக்கே உரிய இயல்பான மாற்றத்தைப் பெரிய வியாதியாக்கிப் பயமுறுத்தி, ஆயிரக்கணக்கில் பறிக்கும் வியாபாரம் அது. யாரிடமும் சொல்ல முடியாமல் பயந்தே படிப்பைக் கோட்டைவிட்ட பையன்களை நான் அறிவேன். பையனிடம் அப்பா முதலில் பேசிவிட்டால் அந்த விளம்பரத்துக்கு அங்கே வேலை இல்லை.

"டீச்சர், சொல்லில் என்ன இருக்கு? நரம்பு ஊசி போட்டு நல்லா ஆனவங்க இருக்காங்களே?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். வைட்டமின் பி12 குறைந்தால் நரம்பு உண்மையாகவே பழுதாகும். அசைவம், பால், முட்டை எதுவுமே சேர்க்காதவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கும் அந்தக் குறை வரலாம். ரத்தத்தில் பார்த்து, குறை என்று தெரிந்து போட்டுக்கொண்டால் அது மருந்து. பார்க்காமல் போட்டால் குருட்டாம்போக்கு. கை நடுக்கம் தைராய்டாக இருக்கலாம், பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். அசதி ரத்தசோகையாக இருக்கலாம். தோலில் உணர்ச்சியில்லாத தேமல் தொழுநோயாக இருக்கலாம். அது முழுமையாகக் குணமாகும், மருந்தும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இத்தனைக்கும் ஒரே பெயர் வைத்தால் ஒரே டானிக்தான் கிடைக்கும்.

நாட்டு வைத்தியத்துக்கு நான் எதிரி அல்ல. மூட்டு வலிக்கு என் அம்மா தேய்த்துவிட்ட எண்ணெயின் இதம் எனக்கும் தெரியும். சுளுக்கென்று உறுதியாகத் தெரிந்தால் தேய்த்துக்கொள்ளுங்கள். திடீரென்று கை விழுந்தால் மட்டும் எண்ணெயைத் தேடாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது, "நரம்புத் தளர்ச்சி சார்" என்று நாமே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள். எந்த இடம், எப்போதிலிருந்து, மரமரப்பா, எரிச்சலா, நடுக்கமா, பிடிப்பில்லையா, ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? உங்களிடம் வகுப்பில் நான் கேட்டதும் இதைத்தானே, 'உற்றுநோக்கி எழுதுக'!

ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சர்க்கரை உள்ள அப்பா, அம்மா, மாமனார், மாமியார் யாராக இருந்தாலும் அவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, நீங்கள் தரையில் உட்கார்ந்து, டார்ச் அடித்து இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம் இருக்கிறதா? கண்ணை மூடச் சொல்லி ஒரு பஞ்சால் தொட்டு, எந்த விரல் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமையே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வெளியூரில் இருப்பவர்கள் தம்பி தங்கையிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பார்த்துவிட்டு என்ன தெரிந்தது என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். மதிப்பெண் உண்டு.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்