கொல்லிமலையில் ஒரு சுற்று

கொல்லிமலைக்குச் செல்லும் நேயர்களில் பலர், 70 கொண்டையூசி வளைவுகளையும் மோட்டாரில் கடந்து, ஆகாச கங்கையில் ஸ்நானம் செய்து, மாலையே இறங்கிவிடுகிறார்கள். குண்டனி நாட்டில் ஒரு காலையேனும் நடக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். போன வழியே திரும்பாமல் சுற்றி வருவது நலம்.

சாமையும் தினையும் விளைந்த மலைச் சரிவுகள் பலவற்றில் இன்று மரவள்ளி நிற்கிறது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் அக்கிழங்கு மலைக்குடிகளுக்குக் காசு தருகிறது. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால், கிழங்கைப் பறிக்கையில் மண் இளகுகிறது; மழை அதை அரித்துச் செல்கிறது.

ஆகாச கங்கையாக விழும் ஐயாறு காவிரியில் கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடல் சேர்கிறது. மலைமீது நின்றால் அக்கழிமுகம் தெரியாது. ஆயினும், மழையைத் தேக்கி ஆற்றுக்கு அளிக்கும் சோலை இங்கே அழிந்தால், அந்த நஷ்டம் சமவெளியில் வாழும் நமக்குந்தான்.