சீமாற்றுக்கு ஓர் ஆணி

சீமாற்றைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதுவதா என்று சில பெரிய மனிதர்கள் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் ஏன் சுளிக்கின்றார்கள் என்பதுதான் இன்று நாம் எழுத எடுத்துக்கொண்ட விஷயமாகும். தறியைப் பற்றியோ, தையல் மிஷினைப் பற்றியோ எழுதினால் தொழில் அபிவிருத்தி என்று புகழுகின்றார்கள். சீமாறு என்றவுடன் மாத்திரம் அருவருப்பு வந்துவிடுகின்றது. அழுக்கை உண்டாக்குகின்ற மனிதனுக்கு இல்லாத இழிவு, அழுக்கை நீக்குகின்ற சாமானுக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது யோசித்தார்களா?

கொங்கு நாட்டில் நாம் சீமாறு என்கின்றோம். திருநெல்வேலிப் பக்கத்தில் வாரியல் என்கின்றார்கள். மற்ற ஊர்களில் துடைப்பம் என்றும், விளக்குமாறு என்றும் சொல்லுகின்றார்கள். இந்த விளக்குமாறு என்னும் சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். பல் விளக்குகின்றோம், பாத்திரம் விளக்குகின்றோம். அது போலவே வீட்டை விளக்குகின்ற மாறு அது. பெயர் வைத்தவர்கள் மரியாதையாகத்தான் வைத்திருக்கின்றார்கள். பின்னால் வந்தவர்கள்தான் அதை வசவுச் சொல்லாக்கி, “விளக்குமாற்றுக்குப் பட்டுக் குஞ்சமா?” என்று பழமொழியும் கட்டிவிட்டார்கள். நாம் பட்டுக் குஞ்சம் கேட்கவில்லை. சுவரில் ஓர் ஆணிதான் கேட்கின்றோம்.

திருப்பூரிலும், அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் பக்கங்களிலும் இருக்கின்ற பனியன் கம்பெனிகளுக்குள் போய்ப் பாருங்கள். நூல் வெட்டும் கத்தரியை மேஜையோடு கயிற்றில் கட்டி வைத்திருப்பார்கள். ஏற்றுமதிக் கம்பெனிகளில் தையல் ஊசி உடைந்துவிட்டால், உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடியெடுத்து ரிஜிஸ்டரில் ஒட்டின பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். ஆபீசு அறையில் சாமி படத்துக்கு ஆணி உண்டு, மாலை உண்டு, மினுக்கு விளக்கும் உண்டு. சீமாறு எங்கே என்று கேளுங்கள். கக்கூசுக் கதவுக்குப் பின்னாலோ, மாடிப்படிக்கு அடியிலோ, வேஸ்ட் மூட்டைகளின் நடுவிலோ கிடக்கும். கூட்ட வருகின்ற அம்மாள், கூட்டுகின்ற நேரத்தில் ஒரு பங்கை அதைத் தேடுவதிலேயே செலவிட வேண்டியிருக்கும். ஆயுத பூஜையன்று சில இடங்களில் அதற்கும் ஒரு பொட்டு வைக்கின்றார்கள். மறுநாள் முதல் பழைய மூலைதான். வருஷத்தில் ஒரு நாள் பொட்டு வைக்கின்றவனுக்கு, மற்ற நாட்களில் அதைத் தொங்கவிட ஓர் ஆணி அடிக்கத் தோன்றவில்லை என்றால், அந்தப் பூஜையின் யோக்கியதைதான் என்ன?

இன்னொரு வேடிக்கை. பெரிய கம்பெனிகளில் ‘ஐந்து எஸ்’ என்று ஒரு போர்டு தொங்குகின்றது. ஜப்பான்காரர்கள் தங்கள் தொழிற்சாலைகளில் வழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை அது. செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்று ஐந்து சொற்கள். வேண்டாததை நீக்கு, வேண்டியதற்கு இடம் குறி, கூட்டிச் சுத்தம் செய், அதை முறையாக்கு, முறையைப் பழக்கமாக்கு என்பது அவற்றின் பொருள். இந்த முறையின்படி, சுவரில் ஒவ்வொரு சாமானின் உருவத்தையும் கோடுபோட்டு வரைந்து, அதன் மேலேயே அந்தச் சாமானைத் தொங்கவிடுகின்றார்கள். எடுத்தவன் திருப்பி வைக்காவிட்டால், காலியான கோடே அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். சீமாற்றுக்கும், முறத்துக்கும், மாப்புக்கும் அந்தச் சுவரில் இடமுண்டு. நம்மவர்களில் பலர் போர்டை வாங்கி மாட்டினார்களேயொழிய சீமாற்றை மாட்டவில்லை. வெளிநாட்டு வியாபாரியின் ஆள் சோதனைக்கு வருகின்ற நாளில், அதை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் ஒளித்து வைக்கின்றவர்களும் இருக்கின்றார்கள்.

ஏன் ஒளிக்க வேண்டும்? இங்கேதான் நமது சாஸ்திரமும் சம்பிரதாயமும் வந்து நிற்கின்றன. சீமாறு லட்சுமி என்கின்றார்கள். அதனால் காலில் படக்கூடாது, தாண்டக்கூடாது, வருகிறவர் போகிறவர் கண்ணில் படக்கூடாதாம். அதே மக்கள் சீமாற்றை மூதேவியின் கையிலும் கொடுத்திருக்கின்றார்கள். ஜேஷ்டாதேவி என்று சிற்ப நூல்காரர்கள் சொல்லுகின்ற அந்த அம்மாளுக்குக் காக்கை கொடி, கழுதை வாகனம், துடைப்பம் ஆயுதம். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோவிலில், சுமார் 1,300 வருஷங்களுக்கு முன் பல்லவர்கள் கட்டின கோவிலில், அவளுக்குச் சிலை இருக்கின்றது. ஒரே துடைப்பம் தங்கைக்கும் சொந்தம், அக்காளுக்கும் சொந்தம் என்றால், அது வீட்டுக்குச் செல்வத்தைக் கொண்டுவருமா, தரித்திரத்தைக் கொண்டுவருமா? வடநாட்டில் சீதளாதேவியின் கையிலும் துடைப்பத்தைக் கொடுத்து, அம்மை நோய்க்கு அதிகாரியாக வைத்தார்கள். அவள் கைத்துடைப்பம் எத்தனையோ நூற்றாண்டுகள் கூட்டியும் போகாத பெரியம்மை, அம்மை குத்தியதால் போயிற்று. 1980இல் உலகத்திலேயே அது இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது.

நிற்க, விளக்கு வைத்த பிறகு கூட்டக்கூடாது என்கின்ற சாஸ்திரத்தைப் பார்ப்போம். எண்ணெய் விளக்கின் மங்கின வெளிச்சத்தில் கூட்டினால், கீழே விழுந்த தோடோ திருகாணியோ குப்பையோடு போய்விடலாம். அந்தக் காலத்துக்கு அது ஒரு எச்சரிக்கையாக இருந்திருக்கலாம். இன்றைக்குப் பனியன் கம்பெனியில் ஊசிக்கண் தெரியும்படி ராத்திரியிலும் விளக்கு எரிகின்றது. காலை எட்டரைக்கு ஆரம்பித்து ராத்திரி எட்டரை வரையில் ‘ஒன்றரை ஷிப்டு’ ஓட்டுகின்ற ஊரில், விளக்கு வைத்த பிறகு தைக்கலாம், அயர்ன் செய்யலாம், பெட்டி போடலாம், கூட்ட மாத்திரம் கூடாதென்றால் அது என்ன நியாயம்? அன்றைய பஞ்சுத் தூசியும், கட்டிங் துண்டும் மறுநாள் காலை வரையில் தரையில் கிடந்தால் ஒரு தீப்பொறி போதாதா? நம்மைப் போலவே துணியால் பிழைக்கின்ற சூரத் நகரத்தில், 1994 செப்டம்பரில் பிளேக் பயம் வந்து, ஜனங்கள் லட்சக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினார்கள். அதன் பிறகு அந்த நகரசபை சுத்தத்தையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டது. பெரிய ரோடுகளை ராத்திரியிலேயே கூட்டுகின்ற ஏற்பாட்டையும் செய்தது. லட்சுமி கோபித்துக்கொண்டு சூரத்தை விட்டுப் போய்விடவில்லை. வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கின்றது.

ஆனால் சீமாற்றை ஒளிக்கின்றதற்கு மூல காரணம் லட்சுமியுமல்ல, மூதேவியுமல்ல. கூட்டுகின்ற வேலையை ஒரு ஜாதியின் தலையில் கட்டி, அந்த ஜாதியை ஒதுக்கினதுபோலவே அதன் கருவியையும் ஒதுக்கினதுதான் காரணம். பேஷ்வாக்கள் ஆண்ட பூனாவில் தீண்டப்படாதவர் என்று சொல்லப்பட்டவர், தம் காலடி பட்ட மண்ணைத் தாமே கூட்டிக்கொண்டு போகும்படி, இடுப்பில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது என்று டாக்டர் அம்பேத்கர் 1936இல் எழுதியிருக்கின்றார். அது பழைய கதை என்று தள்ளிவிட முடியுமா? 2022இல், நமக்குப் பக்கத்திலேயே பெருந்துறை அருகில், ஒரு பள்ளிக்கூடத்தில் ஆதிதிராவிடப் பிள்ளைகளை மாத்திரம் கக்கூசு கழுவச் செய்ததாகப் புகார் எழுந்து, தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். ஜப்பானிலும் பிள்ளைகள்தான் பள்ளிக்கூடத்தைக் கூட்டுகின்றார்கள். அங்கே பணக்காரன் பிள்ளையும் ஏழை பிள்ளையும் முறைபோட்டுக்கொண்டு கூட்டுவதால், அது யாருக்கும் இழிவாகவில்லை. இங்கே ஒரு பகுதிப் பிள்ளைகளின் கையில் மாத்திரம் கொடுப்பதால் அது கொடுமையாகின்றது. துடைப்பம் இரண்டிடத்திலும் ஒன்றுதான்.

இனி, ஆணியில் மாட்டுவதால் என்ன பிரயோஜனம் என்று கேட்கின்றவர்களுக்குச் சொல்லுகின்றோம். பூந்துடைப்பத்தை அடிப்பக்கம் தரையில் ஊன்றி நிறுத்தினால், அதன் பாரத்தாலேயே பூ மடங்கிக் கொஞ்ச நாளில் தேய்ந்துவிடும். ஈரமான மாப்பை வாளிக்குள் போட்டுவைத்தால் உலராமல் நாறும். அந்த நாற்றத்தையே மறுநாள் வீடு முழுவதும் பூசுகின்றோம். மூலையில் கிடக்கின்ற சீமாற்றுக்கு அடியில் கரப்பானும் தேளும் குடியேறும். தரையிலிருந்து ஒரு சாண் மேலே தொங்கவிட்டால் காற்றுப்படும், உலரும், அடியிலும் கூட்டலாம். அமெரிக்காவில் ஷேக்கர்கள் என்றொரு கிறிஸ்தவக் கூட்டத்தார் இருந்தார்கள். அவர்களும் பரம பக்தர்கள்தான். ஆனாலும் சுவர் நெடுக மரப்பட்டை அடித்து, அதில் முளைகள் வைத்து, துடைப்பம், தொப்பி, நாற்காலி முதலாக எல்லாவற்றையும் அவற்றிலே மாட்டித் தரையைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். நமது பக்தர்களோ சுவரைப் படங்களால் நிரப்பிவிட்டு, குப்பையைத் தரையில் விட்டிருக்கின்றார்கள்.

பஞ்சுத் தொழில் நடக்கின்ற இடத்தில் இது உயிர் விஷயமுமாகும். நூல் மில்களில் பஞ்சுத் தூசியை வருஷக்கணக்காகச் சுவாசிக்கின்றவர்களுக்குப் பிசினோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வருகின்றது. லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகின்ற முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் அடையாளம். உலர்ந்த சீமாற்றால் வேகமாகக் கூட்டினால் தூசி எழும்பி மூக்குக்கே வரும். ஆகவே ஈர மாப்பும், தூசி உறிஞ்சும் மிஷினும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தேட வேண்டியிருந்தால் அவசரத்தில் ஒருவரும் அவற்றை எடுக்கமாட்டார்கள். 1948ஆம் வருஷத்துப் பாக்டரி சட்டம், குப்பையைத் தினந்தோறும் அகற்ற வேண்டும், வேலை செய்யும் அறையின் தரையை வாரம் ஒரு முறையாவது கழுவ வேண்டும் என்று தன் 11வது பிரிவில் எழுதிற்று. சட்டம் எழுதினவர்கள் சாதனத்தைத் தேடிப்பிடித்துக் கொடுக்க வரமாட்டார்கள். அது முதலாளியின் கடமை.

செலவைப் பார்ப்போம். ஒரு முழ நீளப் பலகை, நான்கு ஆணி, கயிற்று வளையம், இவ்வளவுதான். பலகையைக் கூட்டுகின்றவரின் தோள் உயரத்தில் அடியுங்கள். ஒவ்வோர் ஆணிக்குக் கீழும் சாமானின் பெயரை எழுதுங்கள். கக்கூசுத் துடைப்பத்தை வேறு சுவரில், வேறு நிறக் கயிற்றில் மாட்டுங்கள். சமையலறைச் சீமாற்றோடு அது கலக்கக்கூடாது. ஒட்டடைக் குச்சிக்கும் முறத்துக்கும் இடம் விடுங்கள். மாப்பை மட்டும் வெயில் படுகின்ற இடத்தில் தொங்கவிடுங்கள். ஆணியடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்காத லைன் வீடுகளில், சன்னல் கம்பியில் கயிறு கட்டிக் கொக்கி மாட்டலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, சீமாற்றுக்கு நீளமான பிடி போடுங்கள். ஒரு மூங்கில் கொம்பு போதும். நம் பெண்கள் வாசலில் ஆரம்பித்துக் கொல்லை வரையில் முதுகை வளைத்தே கூட்டித் தீர்க்க வேண்டுமென்று எந்த விஞ்ஞானமும் சொல்லவில்லை. குனிந்து செய்கின்ற வேலை குனிந்தேதான் நடக்க வேண்டும் என்கின்ற எண்ணம்தான் அந்தப் பிடியைக் குட்டையாக வைத்திருக்கின்றது.

சுவரில் கண்ணெதிரே தொங்குவதில் மற்றொரு நன்மையும் உண்டு. புருஷனும் பெண்ஜாதியும் சேர்ந்து கம்பெனிக்குப் போய், சேர்ந்தே திரும்புகின்ற ஊர் திருப்பூர். வந்தவுடன் அவள் சீமாற்றை எடுக்கின்றாள்; அவன் செல்போனை எடுக்கின்றான். கேட்டால், அது எங்கே இருக்கின்றது என்று தெரியாது என்பான். ஆணியில் தொங்கினால் அந்தச் சாக்கு ஒழிந்தது. கம்பெனியிலும் அப்படியே. மேஸ்திரியும், மேனேஜரும், முதலாளியும் போகின்ற வருகின்ற வழியில் அது தொங்கட்டும். தன் மேஜைக்கடியில் விழுந்த குப்பையைக் கூட்ட, இன்னொருவரைக் கூப்பிட வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்காது.

ஆகையால் தோழர்களே! இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில், உங்கள் படிப்பகத்தில், வேலை செய்யும் இடத்தில் சொல்லக்கூடுமானால் அங்கேயும், இந்தப் பலகையை அடித்துப் பாருங்கள். விருந்தாளி வந்து, “என்ன, சீமாற்றை வாசற்சுவரில் மாட்டியிருக்கிறீர்களே!” என்று கேட்டால், எங்கள் வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பது இதுதான் என்று பதில் சொல்லுங்கள். கூட்டுகின்ற சாமானைக் கண்டு வெட்கப்படாதவனுக்குத்தான் கூட்டுகின்ற மனிதரைச் சமமாகப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச மனம் வரும். வெட்கப்படுகின்றவன் மேடையில் எத்தனை சமத்துவம் பேசினாலும் அவன் பேச்சை நம்புவதற்கில்லை என்பது நமது அபிப்பிராயம்.